நடு ஒடுங்காவிட்டால் கரை சேராது: தவளைக் கருவின் நரம்புக்குழாய் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு தவளைக் கருவின் முதுகில் இரண்டு வரப்புகள் எழுந்து நிற்கின்றன. நடுவில் பள்ளம். வழக்கமான கருவாக இருந்தால் இந்நேரம் அந்த இரண்டும் நெருங்கி, தொட்டு, ஒட்டி, உள்ளே ஒரு குழாயை மூடியிருக்கும். மூளையும் தண்டுவடமும் அந்தக் குழாயிலிருந்துதான் வரும். இந்தக் கருவில் வரப்புகள் எழுந்தன, நடுவை நோக்கி நகரவும் செய்தன. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டன. முதுகு திறந்தே கிடக்கிறது.

பிழை எங்கே என்று கேட்டால் யாருக்கும் முதலில் வரப்புகள் மேல்தான் சந்தேகம் வரும். சேர வேண்டியவை அவை. சேராமல் நிற்பவையும் அவையே. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜான் வாலிங்ஃபோர்டும் ரிச்சர்ட் ஹார்லண்டும் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு வேறொரு இடத்தைக் காட்டியது. வரப்புகளுக்கு இடையே கிடக்கும் நடுப்பட்டை ஒடுங்க வேண்டிய அளவுக்கு ஒடுங்கவில்லை. சட்டையில் பொத்தானும் சரியாக இருக்கிறது, காஜாவும் சரியாக இருக்கிறது. உடம்பு பருத்திருந்தால் ஒன்றுக்கொன்று எட்டாது. ஏறக்குறைய அப்படித்தான். அந்த முடிவுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கருவும் கடிகாரமும்

ஆய்வுக்குப் பயன்பட்டது ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் நகத்தவளை. அறிவியல் பெயர் செனோபஸ் லேவிஸ். இது உலகத்து ஆய்வகங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 1920-களின் இறுதியில் கேப் டவுனில் லான்சலாட் ஹாக்பென் நடத்திய ஹார்மோன் ஆய்வுகளிலிருந்து 1930-களில் ஒரு கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. கர்ப்பிணியின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசியில் ஏற்றினால் சில மணி நேரத்தில் அது முட்டையிடும். 1960-கள் வரை இந்தப் பரிசோதனை புழக்கத்தில் இருந்தது. அதே குணம் கருவியலாளர்களுக்கும் கைகொடுத்தது: ஹார்மோன் ஊசி போட்டால் வருடத்தில் எந்த மாதமும் முட்டை கிடைக்கும். முட்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். வெட்டலாம், ஒட்டலாம், தனித்தனி செல்லுக்குள் ஊசி போடலாம். தண்ணீரில் வளர்வதால் கண் முன்னாலேயே தொடர்ந்து படம் பிடிக்கலாம்.

இந்தத் தவளையின் வளர்ச்சிக்கு நியூகூப், ஃபேபர் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1956-ல் ஒரு காலஅட்டவணை வெளியிட்டார்கள். இன்றும் அதுதான் அளவுகோல். சுமார் 23 டிகிரி செல்சியஸில், கருவுற்ற 9 மணி நேரத்தில் வெளிப்புறச் செல்களில் ஒரு பகுதி உள்ளே சுருண்டு நுழையத் தொடங்கும். 15 மணி நேரத்தில் முதுகுப்புறம் தட்டையாகி நரம்புத்தட்டு தெரியும். 22 மணி நேரத்தில் வரப்புகள் சேர்ந்துவிடும். அதாவது காலை ஆறு மணிக்குக் கருவுற்ற முட்டை, மறுநாள் விடிகாலை நான்கு மணிக்கு ஒரு நரம்புக்குழாயோடு இருக்கும். தட்டு குழாயாக மாறுவதற்கு ஆவது ஏழே மணி நேரம்.

ஒரு விவரத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். தவளையின் நரம்புத்தட்டு இரண்டு அடுக்கு. மேலடுக்குச் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்து தோல்போல மூடியிருக்கும். கீழடுக்குச் செல்கள் தளர்வானவை, இடம் மாறக்கூடியவை. மனிதரிலும் எலியிலும் இந்த இரண்டடுக்கு அமைப்பு இல்லை.

தோலாக வேண்டியது நரம்பாவது

தட்டு உருள்வதற்கு முன்னால், அது நரம்புத்தட்டு என்று தீர்மானமாக வேண்டும். அந்தக் கேள்வியின் வரலாறு 1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பெமானும் ஹில்டே மாங்கோல்டும் நியூட் என்ற வாலுள்ள நீர்நில உயிரியில் செய்த சோதனையில் தொடங்குகிறது. செல்கள் உள்ளே நுழையும் வாயின் முதுகுப்புற உதட்டை ஒரு கருவிலிருந்து வெட்டி இன்னொரு கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் இரண்டாவது முதுகே உருவாயிற்று. கொடுத்த கருவும் வாங்கிய கருவும் நிறத்தில் வேறுபட்டவை என்பதால் எந்தச் செல் யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. புதிய நரம்புக்குழாயின் பெரும்பகுதி வாங்கிய கருவின் செல்களால் ஆனது! ஒட்டிய துண்டு தானே மூளையாகவில்லை, பக்கத்திலிருந்தவற்றை மூளையாக்கியது. அதற்கு அமைப்பாக்கி என்று பெயர் வைத்தார்கள்.

சோதனைகளைத் தன் கையால் செய்தவர் ஹில்டே மாங்கோல்ட். கட்டுரை வெளியான அதே ஆண்டில் ஒரு தீவிபத்தில் இறந்தார், வயது 25. ஸ்பெமானுக்கு 1935-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரலாற்றை எங்கே சொன்னாலும் மாங்கோல்டின் பெயரை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமைப்பாக்கி அனுப்பும் கட்டளை எது என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேல் தேடினார்கள். கிடைக்காததற்குக் காரணம் கேள்வியிலேயே இருந்தது. 1989-ல் கிருன்ட்ஸ், டாக்கே இருவரும் தவளைக் கருவின் புறப்படைச் செல்களை, அதாவது வெளியடுக்குச் செல்களை, தனித்தனியாகப் பிரித்துச் சில மணி நேரம் வைத்திருந்தார்கள். எந்தக் கட்டளையும் கொடுக்காமலே அவை நரம்புச் செல்களாயின. கூட்டமாக இருந்தபோதுதான் தோலாகின. அப்படியென்றால் "நரம்பாகு" என்று யாரும் சொல்லத் தேவையில்லை. "நரம்பாகாதே" என்று அக்கம்பக்கத்துச் செல்கள் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்தினால் போதும். அந்தத் தடைச்செய்தி பி.எம்.பி. என்ற புரதம். 1992-ல் ஹார்லண்டின் ஆய்வகம் கண்டெடுத்த நாகின், 1994-ல் டி ராபர்ட்டிஸின் ஆய்வகம் விவரித்த கார்டின் ஆகியவை அமைப்பாக்கியிலிருந்து சுரக்கும் புரதங்கள். இவை செல்லுக்கு வெளியிலேயே பி.எம்.பி.யைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. செய்தி போய்ச் சேராத இடம் நரம்புத்தட்டாகிறது.

நாகினைக் கண்டெடுத்த அதே ஹார்லண்டின் ஆய்வகம்தான் பத்து வருடம் கழித்து நம் கருவையும் ஆராய்ந்தது. முதல் கேள்வி, எந்தச் செல் எதுவாகிறது. அடுத்த கேள்வி, ஆனபின் எங்கே போகிறது. நம் கருவில் முதல் வேலை நன்றாகவே நடந்திருந்தது. நரம்புச் செல்கள் நரம்புச் செல்களாகவே இருந்தன. தவறியது இரண்டாவது.

தட்டு நீளும் விதம்

நரம்புத்தட்டு முதலில் குட்டையாக, அகலமாக இருக்கும். குழாய் மூடும்போது நீண்டு ஒல்லியாகியிருக்கும். செல்கள் பெருகிப் பெருகி நீள்கிறதா? இல்லை. தவளையில் இதைப் பெரும்பாலும் செல்களின் இடமாற்றமே செய்கிறது. கோயிலில் நான்கு வரிசையாக நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் பக்கத்து இருவருக்கு இடையே தோளை நுழைத்து நுழைத்து, நான்கு வரிசை இரண்டாகிவிட்டால் வரிசையின் நீளம் இரட்டிப்பாகும். யாரும் கிழக்கே போகவில்லை, மேற்கேயும் போகவில்லை, பக்கவாட்டில்தான் நகர்ந்தார்கள். ஆனால் கூட்டம் கிழக்கு மேற்காக நீண்டுவிட்டது. கருவியலில் இந்த அசைவை ஒடுங்கி நீளல் என்று சொல்லலாம்.

இதைத் தெளிவாக்கியவர் கருவியலாளர் ரே கெல்லர். 1980-களில் அவரும் குழுவினரும் முதுகுப்புறத் திசுவைத் துண்டாக வெட்டியெடுத்து, இரண்டு துண்டுகளை உட்பக்கம் உள்ளே இருக்குமாறு ஒட்டிக் கண்ணாடித்தட்டில் வளர்த்தார்கள். கருவிலிருந்து பிரித்த பிறகும் துண்டு தானாகவே ஒடுங்கி நீண்டது. வெளியிலிருந்து யாரும் இழுக்கவில்லை. விசை திசுவுக்குள்ளேயே இருக்கிறது. கீழடுக்குச் செல்கள் பக்கவாட்டில் கைபோன்ற நீட்சிகளை விட்டு, அடுத்த செல்லைப் பற்றி, இடையே நுழைந்துகொள்வதைப் படத்தில் பார்க்கலாம்.

செல்லுக்குப் பக்கவாட்டு எது, நீளவாட்டு எது என்று எப்படித் தெரியும்? இதற்கான புரதங்கள் முதலில் பழ ஈயில் கிடைத்தன. ஈயின் இறக்கையில் உள்ள நுண்முடிகள் எல்லாம் ஒரே திசையில் படிந்திருக்கும். சில மரபணுக்கள் கெட்டால் முடி கலைந்து கண்டபடி நிற்கும். அதில் ஒன்றுக்கு டிஷெவெல்ட், அதாவது தலைகலைந்தது, என்று பெயர் விழுந்தது. ஒரு தளத்தில் பரவியிருக்கும் செல்களுக்குத் திசையுணர்வு தரும் இந்த ஏற்பாட்டைத் தளமுனைவு என்கிறோம். ஈயில் முடியைப் படியவைப்பது தவளையில் முதுகை நீளவைக்கிறது. 2000-ல் வாலிங்ஃபோர்ட் குழு நேச்சர் இதழில் இதைக் காட்டியது: டிஷெவெல்ட் குலைந்தால் செல்கள் நீட்சி விடுவதை நிறுத்திவிடுவதில்லை, எந்தப் பக்கம் விடுவது என்பதில்தான் குழம்பிப்போகின்றன.

நடுவில் போட்ட ஊசி

டிஷெவெல்ட் புரதத்தின் ஒரு துண்டை நீக்கிய வடிவம் ஒன்று உண்டு. அது செல்லுக்குள் போனால் நல்ல டிஷெவெல்ட்டின் வேலைக்கும் இடைஞ்சல் செய்யும். அந்த வடிவத்தைச் செய்யும் குறிப்பைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ.வைக் கரு சில செல்களாக இருக்கும்போதே ஊசியில் ஏற்றினால், அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாவற்றிலும் ஒடுங்கி நீளல் தடைபடும். அப்படிச் செய்த கருக்கள் குட்டையாகின, நரம்புக்குழாயும் திறந்தே நின்றது.

இந்த அளவில் நின்றிருந்தால் ஆய்வு பாதிதான். நரம்புத்தட்டுக்கு அடியில் முதுகுநாண் என்ற கோல்போன்ற திசு இருக்கிறது. அதுவும் இதே முறையில்தான் நீள்கிறது. முதுகுநாண் குட்டையானதால் மேலே இருந்த தட்டும் கெட்டதா, அல்லது தட்டே தன்னளவில் கெட்டதா? இதற்கு 2001-ல் வாலிங்ஃபோர்டும் ஹார்லண்டும் வழி கண்டிருந்தார்கள். எந்த ஆரம்பச் செல் எந்தத் திசுவாகும் என்ற வரைபடம் தவளைக்கு இருக்கிறது. அதை வைத்து, நரம்புப் பகுதியாகப் போகும் செல்லுக்கு மட்டும், அல்லது முதுகுநாண் பகுதியாகப் போகும் செல்லுக்கு மட்டும் ஊசி போட முடிந்தது. இரண்டு திசுக்களும் தனித்தனியாகவே தங்கள் பலத்தில் நீள்கின்றன என்று தெரிந்தது.

2002-ல் இன்னும் ஒரு படி நுணுக்கமாகப் போனார்கள். நரம்புத்தட்டுக்குள்ளேயே நடுப்பட்டை வேறு, ஓரங்கள் வேறு என்று குறிவைத்தார்கள். ஓரங்களில் டிஷெவெல்ட் தடைபட்டது பெரிய பாதிப்பாக இல்லை. நடுப்பட்டையில் தடைபட்டபோது குழாய் மூடவில்லை. தொடர்படத்தில் வரப்புகள் எழுவதும் நடுவை நோக்கி வருவதும் தெரிகிறது. வரப்பின் வேலைக்குத் தேவையானது வரப்பில் இருக்கிறது. ஆனால் நடுவில் கிடக்கும் தரை அகலமாகவே இருப்பதால் கடக்க வேண்டிய தூரம் அதிகம். வரப்புகளால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பிரிப்புதான். வளைவதும் ஒடுங்குவதும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், கைகோத்து நடப்பவை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அசைவாகத்தான் தெரியும். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை ஓடவிட்டால்தான் அவை இரண்டு வேலைகள் என்பதே புலப்படும்.

எழாத வரப்பு

மற்ற வேலையை நிறுத்தினால்? அடுத்த ஆண்டே, 2003-ல், அந்தக் கருவும் கிடைத்தது.

நரம்புத்தட்டு வளைவதற்கு மேலடுக்கில் சில செல்கள் தங்கள் மேல்முனையைச் சுருக்கிக்கொள்கின்றன. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையைப் போல: வாயைச் சுற்றி ஒரு கயிறு, இழுத்தால் வாய் சுருங்கும், அடி அகலமாகவே இருக்கும். செல்லில் அந்தக் கயிறு ஆக்டின் இழைகளும் மயோசின் மோட்டார்களும் சேர்ந்தது. ஒரு வரிசைச் செல்கள் இப்படி ஆப்பு வடிவமானால் தட்டு அந்த இடத்தில் கீல் வைத்ததுபோல் மடங்கும்.

கயிற்றை மேல்முனைக்குக் கொண்டுவந்து கட்டுவது ஷ்ரூம் என்ற புரதம். 1999-ல் ஹில்டிபிராண்டும் சொரியானோவும் எலியில் இதைக் கண்டார்கள். இது இல்லாத எலிக் கருவில் தலைப்பகுதி வரப்புகள் உள்நோக்கி மடங்காமல் வெளிநோக்கிக் காளான்போல விரிந்தன; பெயர் அங்கிருந்துதான். தவளையில் ஷ்ரூமைத் தடுத்தபோது செல்கள் சுருங்கவில்லை, கீல் விழவில்லை, தலைப்பகுதி மூடவில்லை. அதைவிடச் சுவையானது மறுபக்கச் சோதனை. தன்னளவில் ஒருநாளும் சுருங்காத ஆரம்பகட்டச் செல்களில் ஷ்ரூமை உண்டாக்கினால் போதும், அவை சுருங்கிவிடுகின்றன. தவளை முட்டையின் மேற்பரப்பில் கரிய நிறமித் துகள்கள் உண்டு. செல்லின் மேல்முகம் சுருங்கும்போது அவை நெருங்கி அடர்கின்றன. ஆகவே சுருங்கிய இடம் கரும்புள்ளியாக வெறும் கண்ணுக்கே தெரியும்.

இரண்டு கருக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் திறந்த குழாய்தான். ஒன்றில் கீல் சரியாக இருந்தும் தூரம் கடக்க முடியவில்லை. மற்றதில் கீலே இல்லை. "நரம்புக்குழாய் மூடவில்லை" என்ற ஒரே வாசகத்துக்குள் குறைந்தது இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன.

எலியிலும் மனிதரிலும்

லூப்டெயில் என்ற எலி வகை 1940-களின் முடிவிலிருந்தே தெரிந்தது. வாலில் வளைவு இருக்கும். கெட்ட மரபணு இருபிரதியாக வந்தால் குட்டிக்குப் பின்மூளையிலிருந்து வால்வரை நரம்புக்குழாய் முழுக்கத் திறந்திருக்கும். 2001-ல் அந்த மரபணு வேங்கில்-2 என்று அடையாளம் காணப்பட்டது; அது தளமுனைவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. டிஷெவெல்ட் மரபணுக்கள் இரண்டை ஒருசேர இழந்த எலியிலும் இதே நீண்ட திறப்பு. ஷ்ரூம் இழந்த எலியில் தலை திறந்திருப்பதைப் பார்த்தோம். தவளை சொன்ன பிரிவினை எலியிலும் நிற்கிறது. 2007-ல் வேங்கில்-1 மரபணு மாற்றங்கள் நரம்புக்குழாய்க் குறையுள்ள சில மனிதரிலும் கண்டறியப்பட்டன.

மனிதக் கருவில் குழாய் மூடி முடிவது கருவுற்ற 28-ஆம் நாள் வாக்கில். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்களுக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரியவரும். ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் குழுமம் ஏழு நாடுகளில் நடத்தி 1991-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பு இக்குறையுள்ள கர்ப்பம் அடைந்த பெண்களுக்கு நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது மறுபடி வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது. அப்புறம் தவளையும் இந்தக் கதைக்குள் வந்தது. 2017-ல் போரோடின்ஸ்கியின் குழு, ஃபோலேட்டைப் (ஃபோலிக் அமிலம் சேர்ந்த வைட்டமின் வகை) பிடிக்கும் ஏற்பி நரம்புத்தட்டுச் செல்களின் மேல்முனையில் இருப்பதையும், அது குறைந்தால் மேல்முனைச் சுருக்கம் கெடுவதையும் தவளைக் கருவில் காட்டியது.

ஒப்பீட்டை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தவளையின் உடற்பகுதியில் குழாய் நெடுக ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூடுகிறது. எலியில் சில இடங்களில் தொடங்கி ஜிப் இழுப்பதுபோல் பரவுகிறது. தவளையில் மூடிய பிறகும் வேலை பாக்கி: இரண்டடுக்குச் செல்களும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஒற்றைச் சுவராக வேண்டும்.

நடுவின் சொல்

2002-க்குப் பிறகு படம் இன்னும் நெருக்கமாகியிருக்கிறது. 2015-ல் சைப்ரஸைச் சேர்ந்த கிறிஸ்டோடூலுவும் ஸ்கூரிடெஸும் மேல்முனைச் சுருக்கம் ஒரே இழுப்பில் நடப்பதில்லை என்று கண்டார்கள். ஒவ்வொரு செல்லிலும் கால்சியம் மின்னி மின்னி அடங்குகிறது. ஒவ்வொரு மின்னலுக்கும் செல் கொஞ்சம் சுருங்குகிறது. 2012-ல் ஜப்பானில் உவேனோவின் குழு, வரப்புக்கு வெளியே உள்ள தோலின் கீழடுக்குச் செல்களும் நடுவை நோக்கி நகர்ந்து மூடலை முழுமையாக்குவதைக் காட்டியது. ஆகவே நடுப்பட்டையே எல்லாம் என்று நான் சொல்லமாட்டேன். வெளியிலிருந்து தள்ளும் கையும் ஒன்று இருக்கிறது.

ஆனால் நடுப்பட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது கெல்லரின் ஆய்வகத்திலிருந்து 2003-ல் வந்தது. அவர்கள் நரம்புத்தட்டின் கீழடுக்கை அடியிலுள்ள நடுப்படையோடு (முதுகுநாண் அடங்கிய திசு அடுக்கு) சேர்த்து வெட்டியெடுத்து, செல்களின் நீட்சிகளைப் பார்த்தார்கள். முதுகுநாணும் அதன் மேலுள்ள நடுப்பட்டையும் இருந்த துண்டில், இடப்பக்கத்துச் செல்கள் வலப்பக்கமாகவும் வலப்பக்கத்துச் செல்கள் இடப்பக்கமாகவும், அதாவது நடுவை நோக்கியே கைநீட்டின. நடுவை மட்டும் அகற்றிய துண்டில் செல்கள் உயிரோடு இருந்தன, அசைந்தன, கைநீட்டவும் செய்தன; ஆனால் இரண்டு பக்கமும் நீட்டின.